ஞாயிற்றுக்கிழமையை விற்ற கணக்கு

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் சென்னைக்கு வந்து புதிதாக மளிகைக் கடை போட்டிருக்கிறார். சரக்கு எங்கே எடுப்பது, தராசுக்கு முத்திரை எப்போது வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை திறக்கலாமா? கோவிலுக்குப் போக முடியாதே என்றுதான் யோசனை" என்றார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். நான் ஆரம்பித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. 2020-இல் இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் தாமாக வந்து சொல்லவும் இல்லை. அதனால் அவரிடம் சொன்னதையும், சொல்லக் கூச்சப்பட்டு விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் கடைக்காரர்தான். கதவு என்பது எண் போட்ட பலகைகள், ஒன்று முதல் பதினொன்று வரை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பதினொன்றாவது பலகையைச் சொருகினால் திங்கள் விடிந்துதான் எடுப்பார். ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போது குளித்திருப்போம். இரண்டாம் மணிக்கு வேட்டி கட்டி, கையில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமுமாகத் தெருவில் நடந்துகொண்டிருப்போம். எங்கள் பக்கம் அதைச் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோவில் என்றுதான் சொல்வோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: ஞாயிற்றுக்கிழமை வருகிற காசு திங்கட்கிழமை தங்காதாம். இது உண்மையில்லை என்று என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். தங்கத்தான் செய்தது. அவர் தவறான காரணத்தைச் சொல்லிச் சரியான காரியத்தைச் செய்துவந்தார் என்பது எனக்கு ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் புரிந்தது.

2011-இல் சொந்தமாகக் கடை போட்டபோது அப்பாவின் வழக்கத்தையே வைத்துக்கொண்டேன். பெரிய விசுவாசம் என்று சொல்ல மாட்டேன், பழக்கம். காலை எட்டரை மணி ஆராதனை, பதினொன்றுக்கு வீடு, கறிக்குழம்பு, தூக்கம், சாயங்காலம் யாராவது உறவினர். பிறகு 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு. அடுத்த வாரத்திலிருந்து கோவில் பூட்டு, மளிகைக் கடைக்கு அனுமதி. கோவிலும் இல்லை, வீட்டில் அடைந்து கிடப்பானேன் என்று அந்த ஏப்ரலில் முதன்முதலாக ஞாயிறு ஷட்டரைத் தூக்கினேன். சனங்கள் அரிசி கிடைக்குமா என்று பயந்துகிடந்த காலம், திறந்தது சேவை என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆராதனை யூடியூபில் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்துவைத்து, ஆயர் (எங்கள் சபைப் போதகர்) பாவ அறிக்கை சொல்லும்போது நான் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருப்பேன். "ஆண்டவரே எங்களுக்கு இரங்கும்" என்று அங்கிருந்து குரல் வரும், "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று நான் கேட்பேன். முதல் வாரம் கூசியது. மூன்றாவது வாரம் கூசவில்லை. ஆராதனையைக் கேட்டுவிட்டோம் என்ற திருப்திகூட வந்தது. இப்போது நினைத்தால் அந்தத் திருப்திதான் பயமாக இருக்கிறது.

அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் ஞாயிறுதோறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் திறக்கக் கூடாது. ஆகஸ்ட் முடிந்து கணக்கு நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது: ஞாயிறு திறந்த மே மாத விற்பனைக்கும், ஞாயிறு மூடிய ஜூலை மாத விற்பனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சனிக்கிழமை இரவே மொத்தமாக வாங்கிப் போயிருந்தார்கள். பாடம் என் கையெழுத்திலேயே, என் நோட்டிலேயே இருந்தது. படித்துவிட்டு மூடிவைத்தேன். செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கியது, கோவிலும் திறந்தது. மனைவி, "இந்த வாரம் போகலாமா?" என்றாள். "நோய் இன்னும் போகவில்லையே, கூட்டத்தில் எதற்கு?" என்றேன். அதே வாயால், நாள் முழுக்கக் கடையில் நூறு பேரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதுதான் விஷயமே. விசுவாசத்தை விட்டுவிடவில்லை, வீட்டில் ஜெபம் இருந்தது, கடைச் சுவரில் வாக்குத்தத்த காலண்டர் இருந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை, புனித வெள்ளி, ஈஸ்டர் என்று ஆண்டுக்கு நான்கு முறை போவோம். மற்ற ஞாயிறுகளில் மனைவி மகளை அழைத்துக்கொண்டு போய்வந்தாள். பிறகு மகளுக்குப் பதினான்கு வயது ஆனது. "அப்பா மட்டும் வீட்டுக்காக உழைக்கிறார், நான் மட்டும் ஏன் கோவிலில் உட்கார வேண்டும்? நானும் டியூஷன் போகிறேன்" என்றாள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது, அதனால் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் சபையின் முழு உறுப்பினராகும் திடப்படுத்தலுக்கான வகுப்பில் பெயர் கொடுத்திருந்தோம், பாதியில் நின்றாள். தனியாகப் போய்க்கொண்டிருந்த மனைவியும் மெல்ல மெல்ல மாதத்துக்கு ஒன்று என்று குறைத்தாள். இதற்கிடையே எங்களை அறிந்த ஆயர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு நாங்கள் கோவிலுக்கு மாதாமாதம் கட்டும் சந்தா நோட்டில் நிலுவையில் இருக்கும் ஒரு பெயர் மட்டும்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஞாயிறு விற்பனை சராசரியாக 21,000 ரூபாய். பிரியாணி நாள் அல்லவா, அரிசி, மசாலா, இஞ்சி, பூண்டு, தேங்காய் என்று கூட்டம் நெரியும். மளிகையில் எல்லாம் கலந்து எனக்கு நூற்றுக்கு ஒன்பது, ஒன்பதரை நிற்கும். ஆக ஏறக்குறைய 2,000 ரூபாய் லாபம் என்று மூன்று ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் படுத்துக்கொண்டு வேறு வேலை இல்லாமல் பழைய நோட்டுகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு திறக்க ஆரம்பித்த பிறகு சனிக்கிழமை விற்பனையில் 7,000 குறைந்திருந்தது, திங்கட்கிழமையில் 4,000. அதாவது 21,000-இல் 11,000 எப்படியும் என்னிடம் வந்திருக்க வேண்டிய பணம், நாள் மட்டும் மாறி வந்திருக்கிறது. உண்மையில் கூடுதல் விற்பனை 10,000, அதில் லாபம் 950. கடைப்பையனுக்கு ஞாயிறு கூடுதலாக 300, டீ, மின்சாரம் 100. மிச்சம் 550 ரூபாய். ஊரடங்கு ஞாயிறுகளையும் நல்ல நாள்களையும் கழித்தால் 140 ஞாயிறு திறந்திருப்பேன். மொத்தம் 77,000 ரூபாய். கடை வைத்திருக்கும் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஞாயிறு கல்லாவை மட்டும் எண்ணினால் தெரியாது, சனியையும் திங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது செலவுப் பக்கம். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. கடையில் வெறுங்காலோடு நிற்பது எங்கள் வழக்கம், கல்லா இருக்கும் இடம் அல்லவா. 2023 ஆகஸ்ட் மாதத்தில் வெங்காயப் பெட்டியிலிருந்து ஒரு சிலாம்பு வலது கால் சுண்டுவிரல் இடுக்கில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை பாதத்து நரம்புகளை மரக்கடித்துவிட்டால் வலி வராது என்பதை அதற்கு முன் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. என் மருத்துவர் பார்ப்பது ஞாயிறு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. அந்த நேரம் கடையில் கூட்டம். பத்துப் பதினோரு நாள் கழித்துத் தரையில் ஈரமான கால் தடம் இருக்கிறதே என்று கடைப்பையன்தான் காட்டினான். அது தண்ணீர் இல்லை. மருத்துவமனையில் இரண்டு முறை அறுவை செய்தார்கள், இரண்டாவது முறை சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மருந்தோடு சேர்த்து 1,58,000 ரூபாய். காப்பீடு எடுத்திருக்கவில்லை, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. கடை 26 நாள் தொடர்ந்து பூட்டிக் கிடந்தது. வாரம் ஒரு நாள் மூட மனமில்லாதவன் அரை ஆண்டு ஞாயிறுகளை ஒரே மூச்சில் மூடினேன்.

ஆனால் எழுத உட்கார்ந்ததன் காரணம் விரலோ பணமோ இல்லை. அந்த மருத்துவமனை நாள்களில் என் மனைவி தனியாக இருந்தாள். பக்கத்துப் படுக்கையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், அவர் போகும் சபையிலிருந்து தினமும் யாராவது வருவார்கள். ஒருவர் கஞ்சி, ஒருவர் இரத்தம் கொடுக்க, ஒருவர் சும்மா உட்கார்ந்து பேச. எங்களுக்குச் சபையிலிருந்து யாரும் வரவில்லை. "இத்தனை வருடம் சந்தா கட்டிய சபை, ஒருவர் எட்டிப்பார்த்தாரா?" என்று கொதித்தேன். மனைவி மெதுவாக, "நாம் வராதது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் எப்போதும் வருவதில்லையே" என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் உட்காருகிற இடம் ஒன்று இருந்தால்தான் அது காலியாக இருப்பது மற்றவர் கண்ணில் படும். எனக்கு அப்படி ஓர் இடமே இல்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு கோபப்படவும் வழியில்லாமல் போனது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

கடவுள் தண்டித்தார் என்று சொல்லும் ஆள்கள் உண்டு. பார்க்க வந்த உறவினர் ஒருவரும் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்காருகிறவர்களுக்கும் கால் போயிருக்கிறது. சர்க்கரையைக் கவனிக்காததால் விரல் போனது, அவ்வளவுதான். ஆனால் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டால் நேர்மையான பதில் ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் நிற்கிறது. என்னை நானே பார்க்கவும், வேறு ஒருவர் என்னைப் பார்க்கவும் வாரத்தில் ஒரு வேளைகூட விட்டுவைக்கவில்லை.

படுத்திருந்தபோது மனைவியின் வேதாகமத்தில் ஆமோஸ் எட்டாம் அதிகாரம் படித்தேன். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியம் விற்கக் கடையை எப்போது திறக்கலாம் என்று காத்துக்கிடக்கும் வியாபாரிகளை அந்தத் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். படியைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்குகிறவர்கள், கோதுமையோடு பதரையும் சேர்த்து விற்கிறவர்கள். நான் தராசில் ஏமாற்றியவன் இல்லை. ஆனாலும் எனக்குச் சுட்டது. நெகேமியா பதின்மூன்றில் இன்னொரு காட்சி: ஓய்வுநாளில் எருசலேமின் வாசல் கதவுகளைப் பூட்டச் சொல்கிறார் நெகேமியா. வியாபாரிகள் ஒருமுறை இரண்டுமுறை மதிலுக்கு வெளியே இராத் தங்குகிறார்கள், இன்னொருமுறை வந்தால் கைவைப்பேன் என்று விரட்டுகிறார். அந்த வெளியே படுத்திருந்த ஆள்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் போல இருந்தார்கள். கதவு திறக்காதா என்று படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், பலரும் இதில் விழுவார்கள். "இனி ஞாயிறு ஓய்வு" என்று முடிவெடுத்து, ஓய்வு மட்டும் எடுத்தேன். பத்து மணி வரை தூக்கம், கறி, தொலைக்காட்சி, மறுபடி தூக்கம். ஐந்தாறு ஞாயிறு இப்படிப் போனது. உடம்பு தேறியது, ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஆனால் மனம் கனத்துவிடும், நாளைக்கு மறுபடியும் அதே ஷட்டர் என்று. விடுமுறை வேறு, ஆராதனை வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. யோசித்தால் ஆதித் திருச்சபைக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தது கி.பி. 321-இல். அதுவரை அவர்களுக்கு அது மற்ற நாள்களைப் போல வேலை நாள்தான். சுமார் 112-ஆம் ஆண்டில் பிளினி என்ற ரோம ஆளுநர், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் துதித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பாடிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதற்காகக் கூடினார்களே தவிர, லீவு என்பதற்காக இல்லை.

பிறகும் மூன்று வாரம் போகாமல் இழுத்தடித்தேன். காரணம் வெட்கம், அதைவிடச் சந்தா பாக்கி. 38 மாதச் சந்தா. யாராவது மைக்கில் பெயரை வாசிப்பார்களோ என்று பயம். இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பாக்கியை முதலில் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் போய்ப் பொருளாளரிடம் தயங்கிச் சொன்னபோது அவர், "இந்த மாதத்திலிருந்து கட்டுங்கள் ஐயா, பழையதை மெதுவாகப் பார்க்கலாம்" என்றார். ஆயரிடமும் தனியாகப் போய் இன்னார், இன்ன ஊர், இத்தனை நாள் வரவில்லை என்று நானே சொன்னேன். பத்து நிமிடப் பேச்சு. மூன்றரை ஆண்டுத் தயக்கம் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

2023 நவம்பரில் அந்த முதல் ஞாயிறு கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பாட்டு மறந்திருக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் நடுவில் தடுமாறியது, ஆனால் சுற்றிலும் எல்லோரும் சொல்லும்போது நாம் விட்ட வார்த்தையை அவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். பவுலின் நீண்ட பிரசங்கத்தில் ஜன்னலிலிருந்து தூங்கி விழுந்த ஐத்திகு என்ற வாலிபன் வாரத்தின் முதல் நாளில்தான் விழுந்தான் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். விழித்தபோது சமாதானம் பகிரும் நேரம். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை முறையில் அது திருவிருந்து மேசையிலிருந்து தொடங்கிக் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை வரும். எனக்கு முன்னால் இருந்த வரிசைப் பெரியவர் திரும்பி என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து, "சமாதானம்" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளாக என் கையைத் தொட்டவர்கள் எல்லாம் சில்லறை கொடுக்கவோ வாங்கவோ தொட்டவர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்து நின்ற பையனுக்கு நான் கொடுக்க வேண்டும், கொடுக்கத் தெரியாமல் நின்றேன்.

திருவிருந்து வாங்க முன்னே போகும்போது இதைவிடத் தெளிவாக ஒன்று தோன்றியது. திங்கள் முதல் சனி வரை நான் அண்ணாச்சி. எடைபோடுகிற கை, விலை சொல்கிற வாய். யார் நல்ல பற்று, யார் வாராக் கடன் என்று ஒவ்வொரு முகத்துக்கும் எனக்குள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே மண்டியிட்டுக் கையை ஏந்தும்போது நான் வாங்குகிறவன். நிறுக்கவில்லை, விலை கேட்கவில்லை, கணக்கில் எழுதவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர் என்னிடம் 4,300 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு வேறு கடைக்குப் போன மனிதர். இருவருக்கும் ஒரே அப்பம், ஒரே பாத்திரம். திங்கட்கிழமை அவரிடம் பாக்கியைக் கேட்டேன், அது வேறு விஷயம். ஆனால் கேட்ட விதம் மாறியிருந்தது.

ஞாயிறு கட்டாயம் வேலை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். செவிலியர், காவலர், ரயில் ஓட்டுநர் எல்லாம் ஞாயிறு இருந்தே ஆக வேண்டும், ஓய்வுநாளில் இயேசு நோயாளிகளைக் குணமாக்கியவர்தான். அவர்களுக்கு என் யோசனை: நகரச் சபைகள் பலவற்றில் விடியற்கால ஆராதனையோ மாலை ஆராதனையோ இருக்கிறது, கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைத் திருப்பலி உண்டு. மாதப் பணிப் பட்டியல் வந்தவுடன் எந்த வாரம் எந்த ஆராதனை என்று அதே தாளில் குறித்துவிடுங்கள், "முடிந்தால் போகலாம்" என்று விட்டால் முடியாது. என் தம்பி துபாயில் இருக்கிறான். 2022-இல் அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறும்வரை ஞாயிறு அவனுக்கு வேலை நாள். வெள்ளிக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போய்வந்தான், ஆண்டுக்கணக்காக ஒரு வாரம் விடவில்லை. ஞாயிறு கையிலேயே இருந்த நான்தான் விட்டேன். யூடியூப் ஆராதனை நோயாளிக்கும் முதியவர்க்கும் பெரிய உதவி, அதைக் குறை சொல்லவில்லை. நடந்து போகக் கால் இருப்பவனுக்கு அது போதாது, ஏனென்றால் அங்கே நாம் அவர்களைப் பார்க்கிறோம், அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை.

கடைக்காரர்களுக்கு: மூடுவதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே பலகை எழுதித் தொங்கவிடுங்கள், சனி இரவு பத்தரை வரை திறந்திருங்கள். பாதி ஷட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் முதல் மாதம் பால் பாக்கெட்டுக்காக ஐந்து முதல் ஏழரை வரை பாதி ஷட்டர் வைத்தேன். குனிந்து உள்ளே வருகிறவர் பாலோடு நிற்க மாட்டார், ஒரு தீப்பெட்டி, நூறு கிராம் மிளகு என்று நீளும். எட்டரை ஆராதனைக்கு ஒன்பதுக்குப் போய், மனம் முழுக்கப் பூட்டு போட்டோமா என்ற யோசனை. இப்போது ஞாயிறு பாலை முனையில் உள்ள டீக்கடைக்காரருக்கு விட்டுவிட்டேன், கமிஷன் அவருக்கு. பத்துப் பன்னிரண்டு வீடுகள் வேறு கடைக்குப் போயின, பாதி திரும்பிவந்தன. மீதி வரவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. கடைப்பையன் தென்காசிப் பக்கம், கிறிஸ்தவன் இல்லை. வேலையாளுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டமே சொல்கிறது, உபாகமம் ஐந்தாம் அதிகாரமும் உன் வேலைக்காரனும் உன்னைப் போல ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் நான் மூன்று ஆண்டுகள் மீறியிருக்கிறேன். இப்போது அவன் ஞாயிறு கடற்கரைக்குப் போகிறான், வேலையை விட்டுப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். மகள் இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், மாதத்துக்கு ஒரு முறை வருகிறாள், திடப்படுத்தல் எடுக்கவில்லை. வற்புறுத்த எனக்கு வாய் இல்லை. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை போட்ட பழக்கத்தை மூன்று ஆண்டுகளில் அழித்தது நான். சென்ற அறுப்பின் பண்டிகையில் அவளும் வந்திருந்தாள். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காயை 700 ரூபாய்க்கு எடுத்தேன். "மொத்த விலை எவ்வளவு அப்பா?" என்று காதில் கேட்டாள். "அறுபது" என்றேன். வெகுநாள் கழித்து எங்கள் இருவருக்கும் சேர்ந்து சிரிப்பு வந்தது.

திரும்பிவருகிறவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். ஆராதனை முடிந்ததும் வண்டியைக் கிளப்பாமல் கால்மணி நேரம் வெளியே நில்லுங்கள், இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணையாவது வாங்குங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள். அப்படி நின்றபோதுதான் ஓய்வுபெற்ற செவிலியர் ஓர் அக்கா பழக்கமானார். எங்கள் சபையிலும் ஊரைப் போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் நாளே என் காலைப் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, சர்க்கரையா?" என்றார். அன்று முதல் எந்த ஞாயிறும் அவரைத் தாண்டி நான் உள்ளே போக முடிவதில்லை. படிக்கட்டில் உட்காரவைத்து, இரண்டு காலையும் தூக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தை அடித்து விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் இடது குதிகாலில் சிறிய வெடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்து நாளைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றார். பிறகு வெளிச்சத்தை அணைத்துவிட்டு, "எழுந்திரும் தம்பி, முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்" என்றார்.